வாசலில் நின்றவர்கள் சொன்ன பெயர்கள்

அன்பு மகள் வாலுக்குட்டிக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பாய், நானும் சரிம்மா என்பேன், அப்புறம் அங்கே குளிரா, இங்கே வெயிலா என்று பேசுவோம். டி.வி.யில் வானிலை வாசிக்கிறவர்கள்கூட நம் இரண்டு பேரைவிடக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவார்கள் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து லீவு லெட்டரைக்கூட நீயே எழுதிவிட்டு என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்குவாய், நானும் படிக்காமலே போடுவேன், எத்தனை தடவை எனக்கு டைபாய்டு வந்ததோ அந்த டீச்சருக்குத்தான் தெரியும். இதில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பிரஷர் முன்னைவிடப் பரவாயில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், உப்பைத்தான் குறைக்க மாட்டேன் என்கிறாள், கேட்டால் உப்பில்லாம சாப்பிடறதுக்குப் பேசாம பட்டினி கிடக்கலாம் என்கிறாள். என் முட்டி இரண்டும் அப்படியேதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, இங்க பாருங்க, தேய்ஞ்சு போச்சு, இனிமே மண்டி போட்டு வேலை செய்யாதீங்க என்றார். டைல்ஸ் போடுகிறவனிடம் மண்டி போடாதே என்றால் அவன் நின்றுகொண்டா தரை போடுவான்? சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு, வரும் வழியில் புதிதாக ஒரு ஜோடி முட்டி உறை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா பிடித்துத் திட்டினாள். குளியலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது, ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் சரி பண்ற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் குழாய் கண்ணுல படாது என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள். நீ இருந்திருந்தால் அவளோடு சேர்ந்துகொண்டிருப்பாய். அத்தை வந்து தங்கிவிட்டுப் போனாள். நீ அவள்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். அன்றைக்கு நீ அழுதுகொண்டிருக்கும்போது என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எல்லாம் நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோ கண்ணு, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு, அடுத்தது தங்கமா பிறக்கும் என்று சொன்னாளே, அதற்கு அப்புறம்தான் நீ எங்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் வாயில் முதலில் வருவதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உன் கோபம் நியாயம், நான் உன் பக்கம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்த பச்சைக் குழந்தை போய்ச் சேர்ந்ததில் யாருக்கு என்ன நல்லது? எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தின் கடைசி வரிக்கு வந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் அவள் போனிலேயே உனக்காக வேண்டிக்கொள்வாள். ஆண்டவனே, என் பிள்ளையைக் கண் கலங்காமப் பாத்துக்கோ என்று ஆரம்பித்து, உன் ஆபீஸ் லிஃப்ட் பாதியில் நிற்காமல் இருப்பது வரைக்கும் பொறுப்பை அவன் தலையில் கட்டிவிட்டுத்தான் முடிப்பாள். நீயும் ம்ம், ம்ம் என்று சிரித்துக்கொண்டே கேட்பாய். இப்போது அவள் ஆண்ட என்று வாயெடுத்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். இனிமே என்கிட்ட சாமி பேச்சு எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க என்று மாப்பிள்ளையிடமும் சொல்லி அனுப்பினாய். நான் குற்றமாகச் சொல்லவில்லை. நீ பார்க்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தே மீதியையும் சொல்லி முடிக்கிறாள், லிஃப்ட் வரைக்கும். முடித்துவிட்டுப் போனை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு, துவைத்த துணியை மறுபடி எடுத்து மடிக்க ஆரம்பிக்கிறாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் மண்டி போட்டுக் கும்பிடும்போது நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வாங்களேன் என்று அம்மா கூப்பிட்டால், நாள் பூரா என் முட்டி தரையிலதான் கிடக்கு, அதையே கும்பிட்டதா எடுத்துக்கச் சொல்லு என்பேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அந்தத் திமிர் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நூல் மேஸ்திரி என்று காண்ட்ராக்டர் முதல் கூட வேலை செய்கிறவர்கள் வரை என்னைக் கூப்பிடுவதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றும் உனக்குத் தெரியும். நூல் பிடித்து ஒரு கோடு போட்டால் மயிரிழை பிசகாது, யாரிடமும் ஒரு சொல் கேட்டதில்லை, யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. அப்படிப்பட்டவன் என் பேத்தி கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, அங்கே வந்து சேர எங்களுக்கு விசாக் காகிதம் கிடைக்காமல் அலைந்த அந்த நாட்களில், வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஆண்டவனிடம் பேசிக்கொண்டே போனேன். கும்பிட்டேன் என்று சொல்ல முடியாது, கூலி பாக்கியைக் கேட்கிற மாதிரி கேட்டேன். யாரையும் ஏமாத்தினதில்லை, ஒருத்தன் குடியைக் கெடுத்ததில்லை, இத்தனை வருஷத்தில உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை, இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், குடுத்துடு என்றேன். கொடுக்கவில்லை. நாங்கள் கிளம்ப ஏற்பாடு ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு நானும் போனை வைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆக, வீட்டில் அவள் ஒருத்திதான் இன்னும் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள், நீயும் நானும் இரண்டு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதற்கு நடுவில் ஒரு நாள் மாப்பிள்ளை போனில், குழந்தைக்குப் பேர் வச்சிருந்தோம் மாமா, பெட்டியில எழுதி ஒட்டியிருந்தாங்க, ஆனா அதை யாரும் கேக்க வேண்டாம்னு சொல்லியிருக்கா, அவளா சொல்லும்போது சொல்லட்டும் மாமா என்றார். நானும் கேட்கவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வேலை. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரார்த்தனை அறை இருக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் வருகிற இடம் என்பதால் படம், சிலை ஒன்றும் கிடையாது, எதிரே ஒரு வெள்ளைச் சுவர், அதில் ஒரு விளக்கு, கம்பி போட்ட ஒரு ஜன்னல், அவ்வளவுதான். பழைய தரை வெடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் திறந்துவிட வேண்டும், ஆட்கள் வந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க என்று அங்கே உள்ள பெரிய நர்சம்மா சொல்லிவிட்டதால், சீக்கிரம் இறுகுகிற பசையாக வாங்கிக்கொண்டு போனேன். கூட வரும் சித்தாள் அன்று வரவில்லை, சின்ன அறைதானே என்று நானே ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போது அம்மாவிடமிருந்து போன். அவ இன்னிக்கும் நடுவிலயே போனை வச்சிட்டா என்று சொல்லிவிட்டு, எம்மேல என்ன கோபம்ங்க அவளுக்கு என்று கேட்டாள். போனைப் பையில் போட்டு, பையை வராண்டாவில் வைத்துவிட்டு உள்ளே வந்து மண்டி போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். உள்சுவரில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலில் வந்து முடிக்க வேண்டும், கடைசி டைல்ஸை வைக்கும்போது நம் கால் வெளியே இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வராண்டாத் தரையின் கோடும் அறையின் கோடும் ஒன்றாக ஓட வேண்டும் என்று வாசலில் நூல் பிடித்தேன், அதுவரை சரி. பிடித்த இடத்திலேயே பசையை அள்ளி முதல் டைல்ஸை வைத்துவிட்டேன். மனசு முழுக்க உன் அம்மா கேட்ட கேள்வி. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசை வரிசையாக உள்ளே போட்டுக்கொண்டே போகிறேன், ரசமட்டம் வைத்துத் தரை சமமா என்று பார்க்கிறேன், ரப்பர் சுத்தியலால் தட்டுகிறேன், கோடு பிசகவில்லை, அப்படி ஒரு வேலை. பக்கெட்டில் பசை தீர்ந்ததும் எடுக்கலாம் என்று திரும்பினால் எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஈரம் காயாத தரை, நான் வெள்ளைச் சுவரை ஒட்டி டைல்ஸ் போடாத ஒரு பட்டைச் சிமெண்டில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வைத்தால் எல்லாக் கோடும் போச்சு. ஒரு வரிசையைப் பேர்த்து வழி பண்ணலாம் என்றால் மறுபடி ஒட்ட, வெளியே மிச்சம் இருக்கிற பசை போதாது. ஜன்னலில் கம்பி. நூல் மேஸ்திரி தனக்குத்தானே ஜெயில் கட்டிக்கொண்டார். எட்டிப் பார்த்த செக்யூரிட்டி, அண்ணே, கதவைப் பூட்டிக்கிட்டு மாட்டினவங்களைப் பார்த்திருக்கேன், தரையைப் போட்டு மாட்டிக்கிட்ட ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போய் கேன்டீன் அக்காவிடமும் சொல்லிவிட்டார். அந்த அக்கா வந்து வாசலில் நின்று ஒரு பன்னைத் தூக்கிப் போட்டாள், நல்ல வேளை கையில் பிடித்தேன், தவறியிருந்தால் அதுவும் தரையோடு ஒட்டிக்கொண்டு பரம்பரைக்கும் இருந்திருக்கும். தண்ணீர் வேண்டுமா என்றாள். வேண்டாம் தாயே என்று கும்பிட்டேன். காரணத்தை மகளுக்கு எழுத முடியாது, புரிந்துகொள். பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் அங்கேதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்தாள். ஆபீஸிலிருந்து ஓடி வந்தவள் போல, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. செக்யூரிட்டி கட்டி வைத்திருந்த கயிறு வரைக்கும் வந்துவிட்டு, உள்ள வரலாமா என்று கேட்டாள். வர முடியாதும்மா, காயணும் என்றேன். திரும்பிப் போவாள் என்று நினைத்தால் போகவில்லை. பையனுக்கு மூளைக் காய்ச்சலாம், மேல் மாடியில் கிடக்கிறானாம், கண் திறக்கவில்லையாம். அண்ணே, நீங்க அங்கதானே இருக்கீங்க, எனக்காக அங்க சொல்லிடறீங்களா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா, நான் தரை போடற ஆளு, எனக்கு அதெல்லாம் வராது என்றேன். பரவால்லண்ணே, நீங்க உள்ள இருக்கீங்கல்ல என்றாள். சொல்லிவிட்டு மகன் பெயரைச் சொன்னாள். நான் என்ன செய்வேன், எழுந்து வெளியே போகவும் முடியாது, மாட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. சுவர்ப் பக்கம் திரும்பினேன். உன் அம்மா சொல்கிற எந்த வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையன் பெயரை மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையசைத்துவிட்டுப் போனாள். அதோடு விட்டதா? இல்லை. காது கேட்காத ஒரு பெரியவர் வந்து, மனைவி பெயரை எனக்கும் காது கேட்காது என்று நினைத்து மேல் மாடிக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார். ஒரு டாக்டர் வந்து நின்றார், நல்ல உயரம், கண் சிவந்திருந்தது. யாருக்காக டாக்டர் என்று நானே கேட்டேன். இன்னிக்கு யாரும் இல்ல, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர் போலிருக்கிறது, அவ்வளவு பெரிய ஆளுக்கு அப்படி ஒரு பெயர், வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அப்படியே சொன்னேன், சுவரைப் பார்த்து.

ஒருவர் லாரி ஓட்டுகிறவர். உள்ளே வர முடியாது என்று தெரிந்தும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மனைவிக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேக்கறதுக்கு எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லண்ணே, வீட்டுல இருந்த நாளைவிட ரோட்டுல இருந்ததுதான் ஜாஸ்தி, பிள்ளைங்களை அவ ஒத்தை ஆளா வளர்த்தா, ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட நான் நின்னதில்ல, ஆனாலும் கேக்காம இருக்க முடியலண்ணே என்றார். நான் கேட்டது எப்படி, இவர் கேட்பது எப்படி? நான் என் யோக்கியதையை முன்னால் வைத்துக் கேட்டேன், கொடுக்காவிட்டால் நியாயமா என்று சண்டைக்குப் போனேன். இந்த மனுஷனிடம் முன்னால் வைக்க ஒன்றும் இல்லை, வெறுங்கை. வெறுங்கையோடுதான் அங்கே வந்த எல்லோருமே நின்றார்கள், டாக்டர் உட்பட. யாரும் எனக்கு ஏன் இப்படி என்று நியாயம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தப்பில்லை, ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று அவர்களுக்கு இருந்தது, ஒரு பெயரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவர் மனைவி பெயரைச் சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றேன் என்று எழுதிவிட்டேன், உண்மையில் அப்போது மண்டியில் இருந்தேன். எப்போது பக்கெட்டிலிருந்து இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் ஆள் வருவது நின்றது. வராண்டாவில் துடைப்பத்தின் சத்தம் மட்டும். இத்தனை பேருக்குச் சொன்னோமே, நம் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு வார்த்தை சொல்வோம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. என் பேத்தியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. முன்பின் பார்க்காத பையன் பெயர் தெரியும், லாரிக்காரர் மனைவி பெயர் தெரியும், ஒரு டாக்டரின் செல்லப் பெயர் தெரியும், என் ரத்தத்தின் பெயர் எனக்குத் தெரியாது. குழந்தை, குழந்தை என்றே நாங்கள் பேசியிருக்கிறோம். அங்கே உட்கார்ந்து நான் அழுதேன் வாலு. பேத்தி போனபோதுகூட அழவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அந்த ஈரத் தரைக்கு அந்தப் பக்கம் யாரும் வர முடியாது என்பதால் தைரியமாக அழுதேன்.

சாயங்காலம் தட்டிப் பார்த்தேன், இறுகியிருந்தது. செக்யூரிட்டி எதிரில் நின்று வழி சொல்ல, பூனை மாதிரி நடந்து வெளியே வந்தேன், வந்ததும் எங்கே ஓடினேன் என்று கேட்காதே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள், நூல் மேஸ்திரியாம் நூல் மேஸ்திரி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சத்தம் நம் வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, கும்பிட்டீங்களா நீங்க என்று கேட்டாள், ஆச்சரியமாக. பேரைச் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். நம்ம குழந்தைக்கு என்று கேட்டாள். பேர் தெரியலையே என்றேன். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மிச்சமிருந்த அந்தப் பட்டையைப் போடப் போனேன். ஆபீஸ் அம்மாவின் பையன் கண்ணைத் திறந்துவிட்டானாம், கேன்டீன் அக்கா சொன்னாள். பெரியவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. லாரிக்காரரின் மனைவி போய்விட்டார். அதையும் அந்த அக்காதான் சொன்னாள். அவர் இங்கே வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது, என்னிடம் சொல்லி அனுப்பியவர் அல்லவா, நான் என்னவோ பொறுப்பு ஏற்றுக்கொண்டு கோட்டை விட்ட மாதிரி இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று பசை பூசுகிற கரணையை எடுத்தேன். பின்னால் சத்தம். அவரேதான். செருப்பைக் கழற்றிவிட்டு, புதுத் தரையில் மெல்லக் கால் வைத்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அண்ணே, நேத்து அவ பேரைச் சொன்னீங்களா என்று கேட்டார். சொன்னேன்ப்பா என்றேன். நல்லா சொன்னீங்களா என்றார். மண்டி போட்டுச் சொன்னேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், நான் வெளியில நின்னுக்கிட்டிருந்தேன், அவ தியேட்டருக்குள்ள இருந்தா, அந்த நேரத்தில அவ பேரை ஒருத்தர் உள்ள இருந்து சொன்னாருங்கறதே எனக்குப் போதும்ணே என்றார். கடைசி டைல்ஸை வைத்துத் தட்டி, ரசமட்டம் பார்த்துவிட்டு எழப் பார்த்தேன், முட்டி வரவில்லை. எவ்வளவு முயற்சி பண்ணியும் வரவில்லை. அவர்தான் பின்னால் வந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். எழுந்திருங்கண்ணே, மெதுவா என்றார். முந்தின ராத்திரி பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் என்னைத் தூக்கிவிட்டார்.

இதனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்காதே. ஆண்டவன் ஏன் அந்தப் பையனை எழுப்பினான், ஏன் அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டான், ஏன் நம் குழந்தையை எடுத்துக்கொண்டான் என்று கேட்டால் இன்னும் தெரியாதுதான். அவன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அவன் எனக்கு ஏதோ பாக்கி வைத்திருக்கிற மாதிரி இனிமேல் பேச எனக்கு வாய் வராது. என்னால் சமாளிக்க முடியாத இடத்தில், எழவும் முடியாமல் போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது அவன் அங்கே இருக்கிறான் என்று மட்டும் தோன்றுகிறது. அவ்வளவுதான் என் பக்தி, இதற்கு மேல் வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் கேள். களைப்பாகத்தான் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் களைத்துத்தான் போயிருக்கிறோம், ஆனாலும் ஏதோ ஒன்று முன்பு போல் இல்லை.

நீ கும்பிட வேண்டாம். கும்பிடு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? உள்ளே வர மனசில்லையென்றால் வாசலில் நில், அங்கே வந்த யாரையும் யாரும் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கவில்லை. உள்ளே நானும் அம்மாவும் இருக்கிறோம், நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அம்மா பேசி முடிக்கும்போது கேட்கப் பிடிக்காவிட்டால் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் வேறு வேலை பார், வைக்க மட்டும் வைக்காதே, அவளுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் கொஞ்சம் பார், அவருக்கும் அது முதல் குழந்தைதான், அவர் உனக்கு முன்னால் அழாமல் இருக்கிறார் என்பதற்காக அழவே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. குளிரில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதே. நானும் குழாயைச் சரி பண்ணிவிடுகிறேன், முட்டியையும் டாக்டரிடம் காட்டுகிறேன், சத்தியமாக. ஆண்டவன் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் இருக்கட்டும், இப்படி ஒரு வரியை முதல் தடவையாக எழுதுகிறேன்.

மறக்காமல் ஒன்று செய். பதில் கடிதம் எழுத வேண்டாம், எங்களோடு பேசவும் இப்போதைக்கு மனசில்லையென்றால் வேண்டாம். ஒரு தாளில் அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுதாதே, நானும் எதுவும் கேட்க மாட்டேன், காலையில் அம்மா பக்கத்தில் மண்டி போட்டு அதைச் சொல்லுவேன். முழுப் பெயராக எழுது. நீங்கள் இரண்டு பேரும் அவளுக்கு ஏதாவது செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருந்தால் அதையும் எழுது.

இங்ஙனம்,
உன் அப்பா,
அவளுடைய தாத்தா.